தகர மனிதன் கண்ட கனவு

நிக்கி ஹாப்கின்ஸ் என்னும் பெயரை இப்பக்கத்தை வாசிக்கும் நண்பர்களுள் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் மேலைநாட்டு ராக் இசையை ஓரளவேனும் கேட்டவர்கள் அவர் விரல்களைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘ஷீ ஈஸ் எ ரெயின்போ’ பாடலில் மணிமணியாக உதிரும் பியானோ அவருடையது. 1968-இல் வெளிவந்த பீட்டில்ஸின் ‘ரெவல்யூஷன்’ இசைத்தட்டில் இடையே துள்ளிப் பாயும் மின்பியானோ அவருடையது. ஜான் லெனன் 1971-இல் பாடிய ‘ஜெலஸ் கை’ பாடலின் துயரத்தை முதலில் நமக்கு உணர்த்துவதும் அவர் பியானோதான். தி ஹூ, கிங்க்ஸ், ஜெஃப் பெக் எனப் பட்டியல் நீளும். பாடகர்களின் பெயர் உலகெங்கும் பரவியது. இவர் பெயரோ உறையின் பின்புறத்துச் சிற்றெழுத்துகளில் தங்கிவிட்டது.

1944-இல் லண்டனை அடுத்த பெரிவேலில் பிறந்தவர். ராயல் அகாதெமியில் செவ்வியல் பியானோ பயின்றவர். பத்தொன்பது வயதில் கடுமையான குடல் நோய் அவரை மருத்துவமனையில் படுக்க வைத்தது. ஒன்றரை ஆண்டுக்கும் மேல் அங்கேயே கழிந்தது. க்ரோன் என்னும் அந்நோய் வாழ்நாள் முழுதும் விடவில்லை. ஊர் ஊராகச் சுற்றி மேடையேறும் வாழ்வை அவ்வுடல் எளிதில் தாங்கவில்லை. ஒலிப்பதிவுக்கூடமோ லண்டனிலேயே இருந்தது. அழைத்தால் சென்று, வாசித்து, மாலையில் வீடு திரும்பலாம். இவ்வாறுதான் அவர் ‘செஷன்’ கலைஞர் ஆனார்.

அத்தொழிலின் இலக்கணம் எளியது, கடுமையானதும்கூட. கூலி நேரத்துக்கு உரியது. தட்டு இலட்சக்கணக்கில் விற்றாலும் பங்கு பெரும்பாலும் இல்லை. பாடலின் உயிராக அமைந்த ஒரு சுரவரிசையை அவரே அந்தக் கணத்தில் படைத்திருந்தாலும், இயற்றியவர் என்ற இடத்தில் வேறு பெயரே இருக்கும். கிங்க்ஸ் குழு 1966-இல் ‘செஷன் மேன்’ என்றே ஒரு பாடலை வெளியிட்டது. நிக்கியை மனத்தில் வைத்தே ரே டேவிஸ் அதனை எழுதினார் என்பர். அப்பாடலின் தொடக்கத்தில் ஹார்ப்சிகார்ட் வாசித்தவரும் நிக்கியே. தம்மைப் பற்றிய பாட்டுக்கும் தாமே பக்கவாத்தியம்!

இந்த வாழ்வு நம்மை ஏன் இத்தனை தொடுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டு. நாமும் ஒருவகையில் பக்கவாத்தியக்காரரே. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் பிறர் எழுதியதை விளக்கி வருகிறோம். மாணவர்தம் ஆய்வேடுகளைத் திருத்துகிறோம். நண்பர்தம் நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்து, அணிந்துரையும் எழுதுகிறோம். அவற்றுள் மகிழ்ச்சி இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆயினும் நாற்பத்தைந்தைக் கடந்தபின் ஓர் இரவில் ஒரு வினா வந்து எதிரே அமர்ந்துகொள்கிறது: ‘உன்னுடையது என்று எதைக் காட்டுவாய்?’ நமது மேசை இழுப்பறையில் ஒரு கட்டுரைத் தொகுதி ஆறு ஆண்டுகளாகக் கிடக்கிறது. உரையாசிரியர்களின் மொழிநடையை இத்தனை காலம் கற்பித்தவர்க்குத் தம் நடை எதுவென்று ஐயம் எழுவது இயல்புதானே.

நிக்கிக்கும் அவ்வினா எழுந்திருக்க வேண்டும். 1966-இலேயே அவர் பெயரில் ஒரு தட்டு வந்ததுண்டு. அதில் பெரும்பாலும் பிறர் மெட்டுகளே. தம் சொந்தப் பாடல்களோடு அவர் முன்வந்தது 1973-இல், ‘தி டின் மேன் வாஸ் எ ட்ரீமர்’ என்னும் தட்டில். தகர மனிதன் ஒரு கனவு காண்பவன் என்பது பொருள். இதயம் வேண்டி அலையும் ‘ஆஸ்’ கதையின் தகர மனிதனை இத்தலைப்பு நினைவூட்டும். கூலிக்கு வாசிக்கும் பொறி என்று எண்ணினீர்களே, உள்ளே ஒருவன் இருக்கிறான் என்று சொல்வதாகவே நாம் அதனைக் கொள்கிறோம்.

பத்துப் பாடல்கள். ‘சன்டவுன் இன் மெக்சிகோ’வில் தொடங்கி ‘பிக்ஸ் பூகி’யில் முடிகிறது. தாம் முன்பு குவிக்சில்வர் மெசஞ்சர் சர்வீஸ் குழுவுக்காக 1969-இல் அமைத்த நெடிய வாத்திய இசையை ‘எட்வர்ட்’ எனச் சுருக்கி மீண்டும் வாசித்திருக்கிறார். ‘வெயிட்டிங் ஃபார் தி பேண்ட்’ பாடலில் அவர் குரலையே கேட்கிறோம். மெல்லிய குரல், பயின்ற பாடகரின் குரல் அன்று. பியானோவில் இருக்கும் உறுதி அதில் இல்லை. ஆனால் அந்தத் தயக்கமே நம்மை அருகில் இழுக்கிறது.

விருந்தினராக வந்தவர்களைப் பாருங்கள். ஸ்டோன்ஸ் குழுவின் மிக் டெய்லர் கிட்டார் வாசித்தார். கிளவுஸ் ஃபூர்மன் பேஸ் வாசித்தார். பாபி கீஸ் சாக்சஃபோனோடு வந்தார். சில பாடல்களில் கிட்டார் வாசித்தவர் ‘ஜார்ஜ் ஓ’ஹாரா’ என்று உறை கூறும். அவர் வேறு யாருமல்லர், பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன். அதே 1973-இல் வெளிவந்த ஹாரிசனின் தட்டில் நிக்கி பியானோ வாசித்திருந்தார். அவர் இங்கே வந்து கிட்டார் வாசித்தார். புனைபெயருக்கு ஒப்பந்தச் சிக்கல்களே காரணமாகலாம். எனினும் விளைவை நோக்குங்கள்: பெயரற்றவனின் பெயர் முகப்பில் நிற்க, உலகறிந்த பெயர் தன்னை மறைத்துக்கொண்டு பின்னால் அமர்ந்தது. இதனைவிட அழகிய கைம்மாறு நாம் அறிந்ததில்லை.

விற்பனையில் அத்தட்டு பெருவெற்றி பெறவில்லை. அவ்வாண்டே ஸ்டோன்ஸின் ‘ஆஞ்சி’ வந்தது. அதன் பியானோவை உலகமே கேட்டது. நிக்கி மீண்டும் பிறர் பாடல்களுக்குத் திரும்பினார். 1994 செப்டம்பர் 6 அன்று நாஷ்வில் நகரில் ஐம்பதாம் வயதில் மறைந்தார். ராக் அண்ட் ரோல் புகழ்மாடத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 2025-இல்தான்.

சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அணிலாடு முன்றிலார் என்பது போல, அவர்தம் தொடரே அவர்க்குப் பெயராயிற்று. நிக்கிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவர் படைத்த தொடர்கள் பிறர் பெயரில் வழங்கின. எனவேதான் இந்தத் தட்டு முக்கியமாகிறது. இதனால் பக்கவாத்திய வாழ்வு தாழ்ந்ததென்று ஆகிவிடாது. ‘ஜெலஸ் கை’யின் பியானோவோடு ஒப்பிடின் இப்பாடல்களுட் சில எளியனவே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் அதனைச் செய்திராவிடில் நிக்கி என்னும் மனிதரின் குரல் எப்படியிருந்தது என்பதை நாம் அறிந்தே இருக்க மாட்டோம். சிறந்ததாக அமையும் என்ற உறுதி கிடைத்தபின்தான் தம் பெயரில் பேசுவேன் என்று காத்திருப்போர்க்கு அந்த மெல்லிய குரல் ஒரு விடை.

இழுப்பறைக் கட்டுரைகளை மறுபடியும் படிக்கத் தொடங்கியிருக்கிறோம். தை மாதத்துக்குள் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிவிடுவதாக உத்தேசம். நண்பர்கள் இத்தட்டினைத் தேடிக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். ‘வெயிட்டிங் ஃபார் தி பேண்ட்’ பாடலை மட்டும் இருமுறை.