மதராஸ் பணத்தில் படித்த கவிஞன்
(பயணத் தொடர்: வெனிஸ்)

சான் ஸக்கரியா படகுத்துறையில் 20ஆம் எண் நீர்ப்பேருந்தில் ஏறினால் சான் லாஸரோ சீக்கிரமே வந்துவிடுகிறது. தீவு முழுவதும் ஒரே மடாலயம்தான். ஒருகாலத்தில் தொழுநோயாளிகளை ஒதுக்கிவைத்திருந்த இடம். துருக்கியப் படைக்கு அஞ்சி கிரேக்கக் கரையிலிருந்து ஓடிவந்த மெகித்தார் என்ற ஆர்மீனியத் துறவிக்கும் அவருடைய சீடர்களுக்கும் 1717இல் வெனிஸ் அரசு இதைக் கொடுத்தது. வந்தவர்கள் கோயிலைப் புதுப்பித்தார்கள், கூடவே அகராதியும் எழுதினார்கள். 1789இல் இங்கே அச்சகம் வந்தது. ‘பஸ்மாவேப்’ என்ற ஆய்விதழ் 1843இல் தொடங்கியது.

வழிகாட்டித் துறவி எங்களை பைரன் படித்த அறைக்கு அழைத்துப் போனார். 1816இல் அந்த ஆங்கிலக் கவிஞர் படகேறி வந்து இங்கே ஆர்மீனியம் கற்றார். வந்திருந்தவர்கள் எல்லோரும் அந்த அறையில்தான் அதிக நேரம் நின்றார்கள். எனக்கு மனம் நூலகத்தின் பக்கமே போனது. ஆர்மீனிய மொழியின் முதல் அச்சு நூல் 1512இல் வெனிஸில் வெளிவந்தது. முதல் பருவ இதழான ‘அஸ்தரார்’ 1794இல் நம் மதராஸில். சொந்த மண்ணுக்கு வெளியே இப்படிப் பிழைத்துக் கிடந்த இலக்கியம் வேறு எத்தனை இருக்கும்?

மறுநாள் காலை தோர்சோதூரோ பகுதியில் கார்மினி கால்வாயோரம் நடந்து காஸெனோபியோ மாளிகையைத் தேடிப் போனேன். இந்தப் பயணத்தில் நான் அதிகம் எதிர்பார்த்திருந்த இடம் இதுதான். மூராட் – ராஃபேல் பள்ளி இங்கேதான் நடந்தது. எட்வர்ட் ராஃபேல், அவருடைய மருமகன் சாமுவேல் மூராட் இருவரும் மதராஸ் ஆர்மீனிய வணிகர்கள். ராஃபேல் 1791இலும் மூராட் 1816இலும் இறந்தார்கள். ஆர்மீனியப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அவர்கள் எழுதிவைத்த சொத்தில், மெகித்தார் துறவிகள் 1830களில் பள்ளிகளைத் திறந்தார்கள். நம் கடற்கரையில் துணியும் ரத்தினமும் விற்று வந்த லாபம் இந்தக் கால்வாயோரத்தில் இலக்கணமாகவும் கவிதையாகவும் மாறியிருக்கிறது. பிரமாண்டமான நடன மண்டபம் கொண்ட மாளிகைதான். ஆனால் என் கண் வகுப்பறைகளைத் தேடியது.

இன்றைய துருக்கியின் சிவாஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1884இல் பிறந்த ஆர்மீனியக் கவிஞர் தானியேல் வரூஜான், 1902இல் இந்தப் பள்ளிக்கு வந்தார். முதல் கவிதைத் தொகுதி 1906இல் சான் லாஸரோ அச்சகத்திலேயே வெளிவந்தது. பள்ளிக்குப் பிறகு பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் படிப்பு. முடித்ததும் ஊர் திரும்பினார். ஐரோப்பாவிலேயே தங்கியிருக்கலாம். உழவும் விதைப்பும் அறுவடையும் பாடுபொருளான ஒரு தொகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது, ஆர்மீனிய இனப்படுகொலை தொடங்கிய 1915 ஏப்ரல் 24இல் கான்ஸ்டாண்டிநோபிளில் அவரை ஒட்டோமான் அரசினர் பிடித்துச் சென்றார்கள். ஆகஸ்டில் கொன்றுவிட்டார்கள். வயது 31. அரைகுறையாக நின்ற அந்தக் கையெழுத்துப் பிரதி மீட்கப்பட்டு 1921இல் ‘அப்பத்தின் பாடல்’ என்ற நூலாயிற்று. இதை அந்தக் கால்வாய்ப் படியில் உட்கார்ந்து என் குறிப்பேட்டில் எழுதும்போது கை தயங்கியது.

பள்ளி 1997இல் மூடப்பட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ராஃபேல், மூராட் பெயர்கள் நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட இல்லாதது இன்னும் பெரிய வருத்தம்.

இன்றிரவு பாரிஸ் ரயில். அந்த இனப்படுகொலையில் தப்பிய தலைமுறை அங்கே 1925இல் ‘ஹராச்’ என்ற செய்தித்தாளைத் தொடங்கியது. அதில் தொடராக வந்து வாசகர்களைக் கொதிக்கவைத்த ஷாஹான் ஷாஹ்னூரின் நாவலைப் பற்றி அடுத்த இதழில்.