வடிவம் வேறு, பொருள் வேறு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1978-ல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. நான் படித்தது பழைய எழுத்து. ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்து கற்பித்தது புதிய எழுத்து. ‘யானை’யின் கடைசி எழுத்து தும்பிக்கையை இழந்தது. யானைக்கு ஒன்றும் ஆகவில்லை!

இது நினைவுக்கு வரக் காரணம், எங்கள் ராசிபுரத்துத் தெருப் பிள்ளை ஒருத்தி. பி.இ. கம்ப்யூட்டர் மூன்றாம் ஆண்டு. அந்த வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவள்.

“சார், எல்எல்விஎம்முக்கு ஒரு சின்னத் திருத்தம் எழுதிட்டேன். அனுப்பத்தான் பயமா இருக்குது. எம்பட எழுத்து அவங்க எழுதற மாதிரி இல்லீங்க” என்றாள்.

“அப்படின்னா என்ன கண்ணு?” என்று அவளிடமே பாடம் கேட்டேன்.

நாம் எழுதும் நிரலை கணினிக்குப் புரியும் கட்டளையாக மாற்றுவது கம்பைலர். அத்தகைய கம்பைலர்களை உருவாக்க உதவும் கருவித் தொகுப்பு எல்எல்விஎம். 2000-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் விக்ரம் ஆத்வேயும் தொடங்கியது. ஆத்வே நம் மும்பை ஐஐடியில் படித்தவர். மூலநிரல் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம்.

உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் எழுதினால் ஆளுக்கொரு பாணி வரத்தானே செய்யும்? அதற்குத்தான் ‘கிளாங்-ஃபார்மட்’ என்ற கருவி. எல்எல்விஎம் பாணியில் வரிக்கு 80 எழுத்து, உள்தள்ளலுக்கு 2 இடைவெளி. சி++ மொழியில் இந்த இடைவெளிகளைக் கம்பைலர் பெரும்பாலும் பொருட்படுத்தாது. படிக்கிற மனிதருக்காகத்தான் இவ்வளவும். விதிகளை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டால், எப்படி எழுதியிருந்தாலும் கருவி ஒரே சீராக அடுக்கிவிடும்.

எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, நாம் மாற்றிய வரிகளை மட்டும் அடுக்கச் சொல்லலாம். கோப்பு முழுவதையும் கலைத்துப்போட்டால், உண்மையில் எது மாறியது என்று சரிபார்ப்பவருக்குத் தெரியாது. கட்டுரை நோட்டில் பிழையான இடத்தை மட்டும் சுழிப்பது போலத்தான். இரண்டு, அட்டவணை போல ஒருவர் கையால் பார்த்துப் பார்த்து அடுக்கிய பகுதியை ‘இதைத் தொடாதே’ என்று குறித்துவைக்கலாம்.

“எழுத்தைச் சரிபண்ண கருவியே இருக்குது. உன் யோசனை சரியான்னு மட்டும் பாரு கண்ணு, அப்புறம் அனுப்பு” என்றேன்.

நாற்பது வருடத்துக்கு நெருக்கமாக விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன். நாலு கோடு நோட்டு வாங்க வழியில்லாத பிள்ளையின் எழுத்து கோணலாக இருக்கும். கணக்கு நேராக இருக்கும். அழகான எழுத்தைப் பார்த்ததும் திருத்துகிற கை தாராளமாகிவிடுவதை ஆசிரியர் ஓய்வறையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். கிளாங்-ஃபார்மட்டுக்கு முன்னால் முதல் தலைமுறைப் பிள்ளையும் மூன்றாம் தலைமுறைப் பிள்ளையும் ஒரே கையெழுத்துக்காரர்கள். மிச்சமிருப்பது விஷயம் மட்டும்தான்.

ஆனால் ஒன்று. தப்பான கணக்கையும் அது அழகாகத்தான் அடுக்கிக் கொடுக்கும். விடை சரியா என்று பார்க்க மனிதர்தான் வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் படித்தால் இந்தக் கருவியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.