நீலம் பாய்ந்த கத்தி

பாலக்காட்டுத் தோணி மலைக்கு அடிக்கடி நடக்கப் போகும் நண்பர், தன் எவர்சில்வர் கத்தியை என்னிடம் நீட்டினார். டவுன் பட்டறையில் மின்சாணை பிடித்து வாங்கியது. முனையில் நகத்தளவுக்கு நீலம் பாய்ந்திருந்தது. "கயிறுகூட அறுபடல. கல்பாத்தியில ஒருத்தர் வருவார், பாருங்க" என்றார்.

ஐப்பசித் தேருக்கு இன்னும் ஒரு வாரம். பழைய கல்பாத்தியில் ஒரு திண்ணை ஓரமாக சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு உட்கார்ந்திருந்தார், பொள்ளாச்சிப் பக்கத்துப் பெரியவர். பெடலை மிதித்தால் சாணைக்கல் சுற்றும். காலடியில் தண்ணீர் டப்பா. தேர்ச் சமையலுக்கான கத்திகளும் அரிவாள்மணைகளும் சாக்கில் குவிந்து கிடந்தன.

கத்தியை வாங்கி, கட்டைவிரலை விளிம்புக்குக் குறுக்கே மெல்ல உரசினார். "சூடு குடிச்ச இரும்புங்க. தோய்ச்சல் போயிருச்சு. நீலத்துக்கு அந்தாண்ட வரைக்கும் தேய்ச்சு எடுக்கோணும்."

காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம், காய்ந்த கல் கிளப்பும் சூட்டில் இளகிவிடுகிறது. அதன்பின் அந்த இடத்தில் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. அவர் இரண்டு இழுப்பு இழுப்பார், டப்பாவில் முக்குவார், மறுபடி இரண்டு இழுப்பு. ஒருமுறைகூட அந்தக் கணக்கு தவறவில்லை. தண்ணீர் மேல் கருப்பாக இரும்புத்தூள் மிதந்தது.

டவுன் பட்டறைக்குப் போகுமுன் நண்பர் ஆற்றுக்கல்லில் தீட்டிப் பார்த்திருக்கிறார். துரு ஏறாத எஃகில் குரோமியம் குறைந்தது பத்தரை சதவீதம் இருக்கும். அதில் ஒரு பகுதி கரியோடு கூடி மிகக் கடினமான மணிகளாக உள்ளே உறைந்திருக்கும். கூர் நெடுநாள் நிற்க அவையும் ஒரு காரணம். ஆற்றுக்கல்லின் குவார்ட்ஸ் அந்த மணிகளைவிட மென்மை, வழுக்கிக்கொண்டு போகும். மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, குருந்தக்கல் 9. சாணைக்கு உகந்தது குருந்தம். ஆங்கிலத்தில் அந்தக் கல்லுக்கு வழங்கும் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான்.

"காய் நறுக்கறதுக்கு மெலிசா பிடிக்கலாமுங்க. மலையில குச்சி வெட்டறதுக்கு நெஞ்சு வேணும்" என்று கத்தியைச் சற்று நிமிர்த்திப் பிடித்தார். கடைசியில் விளிம்பில் சுருண்டு நின்ற பிசிறை விரலால் தடவிக் காட்டினார். கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. பழைய பெல்ட் துண்டில் பத்து இழுப்பு. பிசிறு உதிர்ந்தது. தக்காளித் தோல் அழுத்தாமலே பிளந்தது.

கூலி முப்பது ரூபாய். சாக்கில் கிடந்த கத்திகளுக்கு அதுவும் இல்லை. அவற்றைக் கொண்டுவந்து போட்டவர் சமையல் காண்ட்ராக்டருக்கும் இவருக்கும் நடுவில் நிற்பவர். பாதியை அவர் எடுத்துக்கொள்கிறார். சாப்பாட்டுக்கு லட்சக்கணக்கில் பேசுகிறவர்கள், அந்தக் காயை நறுக்கித் தரும் கூருக்கு அடிமாட்டு விலை வைக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முன் நொய்யல் கரைக் கொடுமணலில் எஃகு உருக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து மேற்குக் கடலுக்குப் போகிற வழி இந்தப் பாலக்காட்டுக் கணவாய். அப்படிப்பட்ட வழியில் இரும்பறிந்த ஒரு கிழவர் பஸ் காசுக்குக் கணக்குப் பார்க்கிறார். எனக்கு இது பொறுக்கவில்லை.

"பசங்க யாரும் இதுக்கு வரலைங்களா?"

"கடைசிப் பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனிங்க. அவனக் கூப்பிட எனக்கே மனசில்ல."

கத்தி மழுங்கினால் தூக்கிப் போடாதீர்கள். சாணைக்குக் கொடுக்கும்போது பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இருந்தால், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.