நியூட்ரல் அறியாத ரிமோட்

தூத்துக்குடியில் மூன்றாவது மைல் பக்கம் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் டிரெய்லர்கள், உப்பு லாரிகள், மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வந்து இறங்கும் வள்ளத்து பேட்டரிகள் என்று வாசல் எப்போதும் நிறைந்திருக்கும். குடும்பக் கார்களுக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் மாட்டும் வேலையும் இப்போது அங்கே நடக்கிறது. அந்த வேலையைப் பார்க்கத்தான் போனேன். எங்கள் வீட்டுக் காருக்கும் ஒன்று மாட்டலாம் என்ற பேச்சு வீட்டில் இருந்தது. முழங்கால் வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மா, சித்திரை வெயிலில் காய்ந்த சீட்டில் உட்கார முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித் தோன்றும்.

கனடாவில் இருக்கும் நம் உறவினர்கள் பனியில் உறைந்த காரைச் சூடாக்க ரிமோட் ஸ்டார்ட்டரை வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது குளிர்ச்சி. ஏசி சுவிட்சைப் போட்டபடியே விட்டுவிட்டு வந்தால் போதும். வீட்டுக்குள்ளிருந்து ரிமோட்டை அழுத்த எஞ்சின் ஓடும், நாம் செருப்பு மாட்டி வெளியே வருவதற்குள் கார் ஆறியிருக்கும். 2019இல் வந்த ஹூண்டாய் வென்யூ, கியா செல்டோஸ் கார்களின் சில ஆட்டோமேட்டிக் மாடல்களில் இதைக் கைபேசியிலேயே செய்யும் வசதி இருந்தது. அந்த வசதி இல்லாத கார்கள்தான் இந்தக் கடைக்கு வருகின்றன.

கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். ஊருக்கே அண்ணாச்சி. அம்பாசடரை ஹேண்டில் சுற்றி ஸ்டார்ட் செய்த நாளில் எடுபிடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர். "ஹேண்டில் திருப்பி அடிச்சா மணிக்கட்டு போயிரும் தம்பி. கட்டைவிரலைச் சுத்திப் பிடிக்கப்படாது. எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்" என்றார். அந்த ஆபத்தைப் போக்கத்தான் சார்லஸ் கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கினார். 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் அது வந்தது. சுற்றும் கைக்கு வேலை போனாலும், சாவியைத் திருப்ப ஒருவர் காருக்குள் இருந்தாக வேண்டியிருந்தது. ரிமோட் வந்தபின் அந்த ஆளும் இல்லை. அண்ணாச்சியின் கவலையெல்லாம் அந்தக் காலி இருக்கையைப் பற்றித்தான்.

நான் போனபோது ஓர் ஆட்டோமேட்டிக் காரில் வேலை ஆரம்பமாகியிருந்தது. முதலில் பேட்டரி. மல்டிமீட்டரை வைத்தார், எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட். ஓடவிட்டு மறுபடி பார்த்தார். 14ஐ ஒட்டி நின்றது. "பேட்டரி நோஞ்சானா இருந்தா மத்தது எதையும் தொடப்படாது" என்று உதவியாளனிடம் சொன்னார். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிச் சற்று நேரம் விட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடியைத் திறந்தார்கள். மஞ்சள் உறை போட்ட வயர்களைக் காட்டி, "ஏல, அது ஏர்பேக். டெஸ்ட் லாம்பை அங்க கொண்டுபோனே, தொலைச்சிருவேன்" என்றார். பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப் இழுக்கும் கரன்ட்டே அந்த சர்க்யூட்டுக்கு அதிகம்.

இக்னிஷன் சுவிட்சுக்குப் போகும் வயர்களை ஒவ்வொன்றாக இனம் பிரித்தார்கள்: பேட்டரியிலிருந்து நேராக வருவது, ஆக்சசரி, இக்னிஷன், ஸ்டார்ட். நாம் சாவியால் செய்வதை ரிலேக்களால் அதே வரிசையில் செய்வதுதான் ரிமோட் ஸ்டார்ட்டர். எஞ்சின் பிடித்ததும் ஸ்டார்ட்டர் மோட்டாரை விட வேண்டும் என்பது அதற்குத் தெரிய வேண்டும். அதற்காக எஞ்சின் சுழலும் வேகத்தின் சிக்னலைத் தனி வயரில் கொண்டுவருகிறார்கள். பிரேக்கை மிதித்தாலோ பானட்டைத் திறந்தாலோ எஞ்சின் அணைவதற்குத் தனித்தனி இணைப்புகள் உண்டு. இம்மொபிலைசர் உள்ள காரில் இன்னொரு சிக்கல்: சாவியிலுள்ள சிப்பைக் காணாவிட்டால் எஞ்சின் உயிர் பெறாது. உபரிச் சாவியை டேஷ்போர்டுக்குள் ஒளித்துவைத்துச் சமாளிக்கும் வழி ஒன்று இருக்கிறது. அண்ணாச்சி அதற்கு உடன்படுவதில்லை. "திருடனுக்கு நாமளே சாவி கொடுக்கவா?" அந்தந்தக் காருக்கென வரும் பைபாஸ் மாட்யூல் கிடைத்தால்தான் வேலையை ஏற்கிறார்.

வேலையில் அதிக நேரம் இணைப்புகளுக்குத்தான் போனது. இந்த ஊர்க் காற்று அப்படி. குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்து உப்பளங்களில். கடலும் அளமும் சேர்ந்து அனுப்பும் உப்பு ஈரம் செம்பு வயரில் பச்சைக் களிம்பாகப் படியும். வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால், இன்று ஓடும் கார் மழைக்காலத்தில் மக்கர் செய்யும். அதனால் ஒவ்வொரு இணைப்பையும் சால்டரிங் வைத்து, உள்ளே பசை உள்ள ஸ்லீவை மாட்டி, ஹீட் கன்னால் சுருக்கி இறுக்கினார்கள். வெள்ளீயம் பூசிய வயர் வள்ளத்து வேலைக்கென்று கடையில் இருக்கிறது. அதையே காருக்கும் போட்டார்கள். கடலில் கற்றது ரோட்டுக்கும் உதவுகிறது.

எங்கள் கார் மேனுவல் கியர் என்றதும் அண்ணாச்சி வேலையை நிறுத்தித் திரும்பினார். "ராத்திரி எப்படி நிறுத்துவிய?" ஃபர்ஸ்ட் கியரில் போட்டு என்றேன். இங்கே பலரும் அப்படித்தான். உப்புக் காற்றில் துரு ஏறி ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று அதை இழுக்காமல் கியரில் விடுவது கடலோரப் பழக்கம். சாவியால் ஸ்டார்ட் செய்யும்போது காலில் கிளட்ச் இருக்கிறது. ரிமோட்டுக்குக் கால் இல்லை. கியரில் நிற்கும் காரின் ஸ்டார்ட்டர் சுழன்றால் கார் முன்னால் தாவும். முன்னால் கோலம் போடுபவரும் இருக்கலாம், மூன்று சக்கர சைக்கிளோடு குழந்தையும் இருக்கலாம்.

நல்ல ரிமோட் ஸ்டார்ட்டர் கிட்களில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போதே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் எஞ்சின் அணையும். அதன்பின் ஒரு கதவு திறந்தாலும் ரிமோட் ஸ்டார்ட் ரத்து. மலிவான கிட்கள் பலவற்றில் இந்த ஏற்பாடே கிடையாது. கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆக விடும் சுவிட்சை ஷார்ட் செய்து ஓட்டிவிடுகிறார்கள். "அப்படிக் கொண்டுவந்தா நான் தொடமாட்டேன். பக்கத்துக் கடையில போட்டுக்கிடட்டும். ஆனா அவங்ககிட்டயும் சொல்லித்தான் அனுப்புவேன்" என்றார்.

புகையைப் பற்றியும் எச்சரித்தார். இந்த ஊரில் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்கள் கம்ப்ரசர் காற்றை டியூபில் சுவாசிப்பவர்கள். காற்றை இழுக்கும் வாய் எஞ்சினின் புகைக்குழாய் பக்கம் திரும்பிவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். மூடிய ஷெட்டில் ஓடும் காரும் அதே கார்பன் மோனாக்சைடைத்தான் கக்குகிறது. நிறமும் வாசனையும் இல்லாத விஷம் அது. வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் ரிமோட்டை அழுத்துவது தூங்குபவர்களின் உயிரோடு விளையாடுவது. தெருவில் நிறுத்தினாலோ சட்டம் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 126ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் நிற்கும் வண்டியில் உரிமம் உள்ளவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். இல்லையேல் எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டோ வேறு வழியிலோ வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும். ஆக, திறந்த சொந்த வாசல் உள்ளவர்களுக்குத்தான் இது பொருந்தும்.

இவ்வளவு பார்த்துச் செய்கிற வேலைக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள் என்பது அண்ணாச்சியின் வருத்தம். ரிமோட் ஸ்டார்ட்டர் பெட்டியின் விலையைப் பேசாமல் கொடுப்பவர்கள், நாள் முழுக்கக் குனிந்து கிடந்தவனிடம் பேரம் பேசுகிறார்கள். அவசரக் கூலிக்கு அவசர வேலைதான் கிடைக்கும். அந்த அவசரம் ஒளிந்திருப்பது டேஷ்போர்டுக்குப் பின்னால், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

எங்கள் மேனுவல் காருக்கு ரிமோட் வேண்டாம் என்று முடிவு செய்தோம். நிழலில் நிறுத்துவது, கண்ணாடிக்கு வெயில் மறைப்பு, ஏறுமுன் நான்கு ஜன்னலையும் இறக்கிச் சூட்டை வெளியேற்றுவது ஆகியவை அம்மாவுக்குப் போதும். நீங்கள் மாட்டத்தான் போகிறீர்கள் என்றால், கார் வாரன்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்; இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மேனுவல் கார் என்றால், வேலை முடிந்ததும் எஞ்சின் சுழற்றும் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிவைத்து, கியரில் போட்டு, ரிமோட்டை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் அசையக் கூடாது. அசைந்தால் பெட்டியைக் கழற்றச் சொல்லிவிடுங்கள். அசையாமல் நின்றால், அந்த எலக்ட்ரீஷியன் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.