பதினெட்டு இரவுக் கதை

காங்கேயம் என்றால் காளை. அதன் திமிலையும் கொம்பையும் கண்ணாரக் காணத்தான் நானும் பஸ் ஏறினேன். வழியெல்லாம் தேங்காய்ப் பருப்பு உலரும் களங்கள்; அவற்றைத் தாண்டினால் கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள். காளைகளை ஆசை தீரப் பார்த்தேன். ஆனால், திரும்பும்போது மனத்தில் நின்றது காளை அல்ல, உடுக்கைச் சத்தம்!

மாட்டுச் சந்தைக்குப் பேர்போன கண்ணபுரத்துக்கு அருகில் ஓலப்பாளையம் என்று ஒரு சிற்றூர். மானிடவியல் ஆராய்ச்சிக்காகப் பிரெண்டா பெக் என்ற மேல்நாட்டுப் பெண்மணி அங்கே வந்து தங்கினார். 1965-ல், ஊரார் கூடியிருக்க, அண்ணன்மார் கதையை நாடாவில் பதிவு செய்தார். பாடியவர் இ.சி.ராமசாமி. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 18 இரவுகள். மொத்தம் 38 மணி நேரம்!

பொன்னர், சங்கர், தங்கை தங்காள் ஆகியோரின் கதை அது. கொங்கு நாட்டாருக்கு அவர்கள் கதாபாத்திரங்கள் அல்லர், கும்பிடும் தெய்வங்கள். பாடுகிறவர் உடுக்கையடித்துப் பாடுவார். சட்டென்று நிறுத்தி வசனம் பேசுவார். சங்கரும் அவரே, சங்கர் வேட்டையாடும் கொம்பன் பன்றியும் அவரே!

அதே ராமசாமி, எழுதுகிறவர் ஒருவரிடம் நிதானமாகச் சொல்லியும் இந்தக் கதையைத் தந்திருக்கிறார். இரண்டும் அச்சாக ஒன்றாக இருக்கவில்லை. இருக்குமா? எதிரே கேட்கிறவர்கள் இருந்தால் கதைக்குத் தனிக் களை வந்துவிடுகிறதே! 1992-ல் சென்னை ஆசியவியல் நிறுவனம் கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் புத்தகமாக வெளியிட்டது. பின்னர் அது 26 பகுதிக் கார்ட்டூன் படமாகவும் வந்தது. எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால், புத்தகத்தில் உடுக்கை ஏது? அந்த இரவுகளின் மூச்சு நாடாவில் அல்லவா இருக்கிறது?

டீக்கடையில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“ஏனுங்க, விடிய விடியக் கதை கேட்டுப்போட்டு அப்படியே ஏர் பூட்டப் போவோமுங்க. படுகளத்துல அண்ணன்மார் சாயறபோது அழாத ஆளு உண்டுங்களா? இப்ப பனியன் கம்பெனிக்கு ராத்திரி ஷிப்டு போறவன் பதினெட்டு ராத்திரி எங்கீங்க உட்காருவான்?”

சொல்லிக்கொண்டே மேஜைமேல் இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார். மெல்ல ஆரம்பித்த தாளம் வேகம் பிடித்தது. அவருடைய டீ ஆறிப்போயிற்று. எனக்குத் திருப்பூர் பஸ்ஸும் போய்விட்டது.