பிள்ளை வீடு திரும்பினானா?

கதை கேட்கும் ஆசையைப் போல மனிதனை விடாது பற்றி நிற்கும் ஆசை வேறொன்றில்லை. பசியை உண்டு தீர்க்கலாம். களைப்பை உறங்கித் தீர்க்கலாம். பாதியிலே நின்றுபோன கதைக்கு மருந்து எது? சிறுபிராயத்தில் எம் அம்மம்மா, அரசகுமாரனை நடுக்காட்டிலே விட்டுவிட்டு, "மிச்சம் நாளைக்கு, இப்ப படுங்கோ" என்று விளக்கைத் தணித்துவிடுவார். அன்றிரவு முழுவதும் அக்காட்டிலே திரிந்தவன் அரசகுமாரன் மட்டுமல்லன், நாமுந்தான். ஆயினும், அம்மம்மா மறுநாளே மிச்சத்தையும் சொல்லி முடித்துவிடுவார். பின்னாளில் எம் வீட்டுக்குள் நுழைந்த வேறொரு கதையோ, 'நாளைக்கு' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பதினெட்டு ஆண்டுகள் எனப் பொருள் கொண்டது. அதைப் பற்றியே வாசக நேயர்களிடம் இன்று சொல்லப் புகுந்தோம்.

அக்கதை ஏட்டிலே எழுதப்பட்டதன்று. அது ஒரு வீடியோ விளையாட்டு. இதைக் கேட்டதும் பெற்றோர் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். சுடுவதும் வெட்டுவதுமே அவ்விளையாட்டுகளின் தொழில் என்று நாமும் ஒருகாலத்தில் எண்ணியிருந்தோம். 2002ஆம் ஆண்டு மார்கழி விடுமுறைக்கு லண்டனிலிருந்து வந்த மாமா, தம் மக்கள் ஆடி முடித்த 'டிரீம்காஸ்ட்' என்னும் விளையாட்டுப் பெட்டியையும் சில இறுவட்டுகளையும் எமக்குத் தந்து சென்றார். 'ஷென்மூ' என்னும் கதையின் முதலிரு பாகங்கள் அவற்றுள் இருந்தன. அன்று தொடங்கியது எம் வீட்டாருக்கும் அக்கதைக்கும் உள்ள உறவு.

ஜப்பானிலே யோகோசுகா என்னும் துறைமுக நகர். 1986ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி, பனி பெய்கிறது. ரியோ ஹசூகி என்னும் இளைஞன் வீடு திரும்புகிறான். அவன் கண்முன்னே, லான் டி என்னும் சீனன் அவன் தந்தையைக் கொன்று, டிராகன் உருவம் பொறித்த கண்ணாடியொன்றைக் கவர்ந்து செல்கிறான். கொன்றவனைத் தேடிப் புறப்படுகிறான் மகன். சுருக்கமாகச் சொன்னால் வெறும் பழிவாங்கும் கதை. ஆனால், செகா நிறுவனத்தில் இருந்த யூ சுசூகி என்னும் கலைஞர், 1999ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட அக்கதையை நடத்திய விதமே வேறு. ரியோ வாளை உருவிக்கொண்டு ஓடுவதில்லை. கடை கடையாக ஏறி, "அன்று ஒரு கறுத்தக் காரைக் கண்டீர்களா?" என்று கேட்கிறான். மாலையில் ஒருவரைச் சந்திக்க வேண்டுமானால் மாலைவரை காத்திருக்கிறான். துறைமுகத்திலே பாரந்தூக்கும் வண்டி ஓட்டிக் கூலி வாங்குகிறான். தாயைக் காரிலே பறிகொடுத்த பூனைக்குட்டியொன்றுக்கு உணவு வைக்கிறான். இரவு முதிர்ந்தால் அவன் வீடு திரும்பியே ஆகவேண்டும்.

நாம் விசைகளை இயக்க, தம்பி பக்கத்தில் அமர்ந்து கொப்பியில் குறிப்பெழுதுவான். நாலைந்து நாள் சென்றபின், அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவும் சுளகோடு வந்து அமர்ந்தார். லான் டி யார், கண்ணாடி எதற்கு என்பவற்றில் அவருக்குச் சிறிதும் நாட்டமில்லை. அவர் கண்ணிலே பட்டவர் இனே என்னும் மூதாட்டி. தாயை இளமையிலேயே இழந்த ரியோவை வளர்ப்பவர் அவர். நாள்தோறும் அவனுடைய கைச்செலவுக்கு 500 யென் வைத்துவிட்டுப் போவார்.

"காசை வைச்சிட்டுப் பேசாமல் போறா பாருங்கோ. கையிலை குடுத்தால் வாங்கமாட்டான் எண்டு அவவுக்குத் தெரியும்," என்றார் அம்மா.

அவ்விளையாட்டைப் பற்றி அறிஞர் பலர் எழுதியவற்றைப் பின்னாளில் படித்தோம். அந்த ஒரு வார்த்தைக்கு ஈடான விமரிசனத்தை இன்னும் நாம் காணவில்லை.

முதற்பாகத்தின் முடிவில் ரியோ ஹொங்கொங்குக்குக் கப்பலேறுகிறான். இரண்டாம் பாகத்தில், அங்கிருந்து குவெய்லின் மலைநாட்டுக்குச் சென்று, ஷென்ஹுவா என்னும் பெண்ணைச் சந்திக்கிறான். காணாமற்போன அவள் தந்தையைத் தேடி இருவரும் ஒரு குகைக்குள் நுழைகிறார்கள். கல்லிலே செதுக்கிய கண்ணாடிகளின் பேருருவம் அவர்கள்முன் எழுகிறது. அவ்வளவுதான்; கதை நின்றுவிட்டது! இரண்டாம் பாகத்தில், குறித்த நேரம் வரும்வரை காலத்தைத் தள்ளிவிட ஒரு வசதி செய்திருந்தார்கள். அவ்வசதி திரையோடு முடிந்துவிட்டதே என்று நாமும் தம்பியும் வருந்தினோம்.

காரணம் விளங்காததன்று. முதற்பாகத்துக்கு 4 கோடியே 70 இலட்சம் டொலர் செலவானதாகச் சுசூகியே பின்னாளில் கூறியிருக்கிறார். போட்ட முதல் திரும்பவில்லை. டிரீம்காஸ்டின் உற்பத்தியும் 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தோடு நின்றது. இரண்டாம் பாகம் ஜப்பானிலே வெளியானதோ அவ்வாண்டு செப்டெம்பரில். தாய்மரம் சாய்ந்தபின் பழுத்த பழம் அது.

ஆனால் ரசிகர்கள் விடவில்லை. செகா நிறுவனத்துக்கு விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக அனுப்பினார்கள். மூன்றாம் பாகம் வேண்டுமென்பதை நினைவூட்ட, மாதந்தோறும் 3ஆம் திகதி சமூக ஊடகத்திலே ஒருங்கே குரலெழுப்பியவர்களும் உண்டு. பள்ளி மாணவராய்த் தொடங்கியவர்கள் பிள்ளைகளைப் பெற்றபின்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதை வீண் பிடிவாதம் என்று நகைத்தோர் பலர். எமக்கோ அது நகைக்கத் தக்கதாய்த் தோன்றவில்லை. காத்திருக்கக் கற்பித்ததே அக்கதையன்றோ?

எம் வீட்டிலும் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். நாடு மீண்டும் போர்க்கோலம் பூண்ட 2006ஆம் ஆண்டிலே தம்பி கனடாவுக்குப் போனான். அதன்பின், இருந்தாற்போல் ஒருநாள் அம்மா, "அந்த ஜப்பான் பெடியன் வீடு போய்ச் சேர்ந்திட்டானோ?" என்பார். "இன்னும் இல்லை, அம்மா. கதை பாதியிலை நிக்குது," என்போம். "அந்த மனிசிக்கு ஒரு கடிதமெண்டாலும் போட்டானோ?" என்பது அடுத்த கேள்வி. நாம் ஆடிய அளவில் அவன் கடிதம் எழுதியதாய்க் காணவில்லை, அதனால் மௌனமாயிருப்போம். தம்பியின் தொலைபேசி வராத கிழமைகளிலேயே இக்கேள்விகள் எழுந்தன என்பதை வெகுநாள் கழித்தே கவனித்தோம்.

2015ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் திகதி விடியற்காலையில் தொலைபேசி மணி அடித்தது. அகால அழைப்பென்றால் நெஞ்சு துணுக்குறுவது எம் நாட்டார் இயல்பு. எடுத்தால் தம்பியின் குரல்: "அண்ணை, மூண்டாவது வருது!" அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே நடந்த விளையாட்டுக் கண்காட்சி மேடையில் அப்பொழுதுதான் சுசூகி தோன்றி, மூன்றாம் பாகத்துக்கு மக்களிடமே பொருளுதவி கேட்டிருந்தார். கேட்டது 20 இலட்சம் டொலர். ஒரு நாளுக்குள்ளேயே அது சேர்ந்துவிட்டது. ஒரு மாதம் கழித்துக் கணக்கு முடித்தபோது, ஏறத்தாழ 69,000 பேர் 63 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்திருந்தனர். "உங்கடை பேரிலையும் காசு கட்டிப்போட்டன்," என்றான் தம்பி. அவன் இரவுவேலை செய்து வாடகை கட்டிய காலம் அது. வேறெதற்கானாலும் கண்டித்திருப்போம், அன்று வாய் வரவில்லை.

2017இல் வரும் என்றார்கள். தவணை மேல் தவணையாகத் தள்ளிப்போய், 2019ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி வெளியாயிற்று. அடுத்த மாதமே, ஏழு ஆண்டுகளுக்குப்பின் விடுமுறையில் வந்த தம்பி, அவ்விறுவட்டையும் அதை ஆடும் பெட்டியையும் கொண்டுவந்தான். இம்முறை விசைகள் அவன் கையில். கொப்பி எம் கையில். அம்மாவுக்குச் சாய்மனைக்கதிரை.

கதை அதே குகையிலிருந்து தொடங்கிற்று. பின்னர் ஓர் ஆற்றங்கரை நகர் வந்தது. அங்கே, ஊரிலுள்ளோரோடு ரியோ தொலைபேசியிற் பேசலாம். தம்பி முதலில் அழைத்தது இனே மூதாட்டியை. அவர் குரல் கேட்டதும் அம்மா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வழக்கம்போல் தம்பி மொழிபெயர்க்கத் தொடங்கினான். அம்மா கையமர்த்தினார். "என்ன கதைச்சதெண்டு வேண்டாம். எடுத்திட்டானே, அது காணும்," என்றார். தம்பி திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. சற்றுநேரம் எவரும் பேசவில்லை.

மூன்றாம் பாகத்தைக் குறைகூறியோர் பலர். நடை பழையது, சண்டை சுவையற்றது, கதை ஓரடிகூட முன்னேறவில்லை என்றார்கள். அவற்றுள் உண்மையும் உண்டு. சீனப் பெருஞ்சுவர்மீது நின்று பாதை நீள்வதைப் பார்ப்பதோடு அதுவும் முடிகிறது. லான் டி தோற்கவில்லை, ரியோ வீடு திரும்பவுமில்லை. பணங்கொடுத்த ரசிகர் சிலர், முடிவைத் தராமல் இன்னொரு தொடக்கத்தையே தந்தார்கள் என்று மனம் நொந்தனர். அவர்களை நாம் குறைகூறமாட்டோம். கேட்பவரின் பொறுமையும் ஒருவகைக் கடனே. கடன் வாங்கியவர் அதை நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

இன்று அதே ரசிகர்கள் நான்காம் பாகத்தைக் கேட்கிறார்கள். சுசூகியும் தமக்கு அவ்விருப்பம் உண்டென்று பலமுறை சொல்லியிருக்கிறார். முதலிரு பாகங்களின் கதை 2022ஆம் ஆண்டு 13 பகுதிகள் கொண்ட சித்திரத் தொடராகவும் வந்தது. 2025ஆம் ஆண்டு பிரித்தானியாவின் பாஃப்டா கழகம், எக்காலத்திலும் மிகுந்த செல்வாக்குப் பெற்ற வீடியோ விளையாட்டு எதுவென்று பொதுமக்களைக் கேட்டபோது, அவர்கள் முதலிடத்தில் வைத்தது 1999இன் ஷென்மூவையே. புகழுக்குக் குறைவில்லை, குறைவு முடிவுக்கே.

தொடர்ச்சி கேட்கும் ரசிகர்களைப் பழிக்குப் பழி காணத் துடிப்பவர்கள் என்று எண்ணவேண்டாம். லான் டி வீழ்ந்தாலென்ன, வீழாவிட்டாலென்ன? பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் போன ஒரு பிள்ளையை அந்நியநாட்டுத் தெருவிலே விட்டுவிட்டு எழுந்துவர அவர்களுக்கு மனமில்லை. அவன் வீட்டுப்படி ஏறுவதைக் கண்டால் அவர்கள் நிம்மதியாக உறங்குவார்கள். பிள்ளைகளைத் தூரதேசம் அனுப்பிய எந்தத் தாய்க்கும் இது விளங்கும்.

அம்மாவுக்கு இப்போது வயது 81. சென்ற வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப்பின், "மற்றது எப்ப வருமாம்?" என்று கேட்டார். கட்டிலருகே சென்று போர்வையைச் சரிசெய்தோம். எம்மை அறியாமலே வாயில் வந்தது அம்மம்மாவின் வார்த்தைதான்:

"மிச்சம் நாளைக்கு, அம்மா, இப்ப படுங்கோ."