தாளில் விட்ட இரண்டு சொட்டு

மாடம்பாக்கத்தில் கீரையும் கத்தரியும் போடும் பெரியவர் ஒருவரிடம் பூச்சிவிரட்டி தயாரிக்கக் கற்றுக்கொண்டேன். முதல் பாடம் பழைய செய்தித்தாளில் நடந்தது. வேப்பெண்ணெயில் ஒரு சொட்டு, எலுமிச்சைப் புல் எண்ணெயில் ஒரு சொட்டு விடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் புல் எண்ணெய் சுவடே இல்லாமல் பறந்துவிட்டது. வேப்பெண்ணெய்க் கறை அப்படியே நின்றது.

"புரியுதாம்மா? ஒண்ணு வாசனையால துரத்தும். இன்னொண்ணு இலையில உட்கார்ந்து கசக்கும்."

பூச்சிகள் பல, செடியை மோப்பம் பிடித்தே வருகின்றன. புல் எண்ணெயிலுள்ள சிட்ரால் அந்த மோப்பத்தைக் குழப்புகிறது. ஆவியாகிவிடுவதால் பலன் நீடிக்காது. திரும்பத் தெளிக்க வேண்டும். வேம்பின் அசாடிராக்டின் வேறு வழியில் வேலை செய்கிறது. புழு இலையைத் தின்ன மறுக்கும். தின்றாலும் ஒழுங்காகத் தோலுரிக்க முடியாமல் போகும்.

கைப்பக்குவம் எல்லாம் கலப்பதில்தான். எண்ணெயை நேரே தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். மிதக்கும் எண்ணெய் இலையைக் கருக்கும். முதலில் காதி சோப்புக் கரைசலில் எண்ணெயைக் குழைக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறுகச் சிறுக விட்டு, பால்போல் வெளுக்கும்வரை அடிக்க வேண்டும். மேலே ஒரு பளபளப்பு தெரிந்தாலும் ஐயா தெளிக்க விடமாட்டார். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். புதுச் செடி என்றால் ஓர் இலையில் தெளித்து, மறுநாள் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு.

எண்ணெய் வாங்க முடியாதவர்களுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, இரவெல்லாம் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சோப்பு சேர்த்தால் 5 சதவீதக் கரைசல். வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும், தெளிப்பது சாயங்காலம்தான்.

இதை எல்லா நோய்க்கும் மருந்தென்று நான் சொல்லமாட்டேன். கத்தரிக்காய்க்குள் துளைத்துப் போய்விட்ட புழுவை எந்த வாசனையும் எட்டாது. வாடிய நுனியைக் கிள்ளி, சொத்தைக் காயைப் பறித்து அழிப்பதே வழி. அசுவினி, வெள்ளை ஈ, இளம்புழு இவற்றிடம் விரட்டி நன்றாக வேலை செய்யும், அதுவும் ஆரம்பத்திலேயே தெளித்தால்.

இது வெறும் பாட்டி வைத்தியமும் இல்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில், லயோலா கல்லூரிப் பூச்சியியல் ஆய்வு நிறுவனம் வேப்பெண்ணெயையும் புங்க எண்ணெயையும் சேர்த்துப் 'பொன்னீம்' என்ற தாவரப் பூச்சிக்கொல்லியை உருவாக்கியது.

சேலையூரிலோ முடிச்சூரிலோ மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களே, தெளிப்பானை எடுக்குமுன் தினமும் காலையில் இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பூவில் தேனீ இருக்கும் நேரத்தில் மட்டும் எதையும் தெளிக்காதீர்கள்.